அக்காளின் பாதங்களுக்கு ஒரு கிட்டார்

நண்பர்கள் அவனுக்கு வைத்த பெயர் கரண்டு. ராக் குழுவில் கிட்டார் வாசிப்பவன். மேடையில் ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்க மாட்டான். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று அம்மா அலுத்துக்கொள்வாள். வேலையிலும் அப்படித்தான். ஓவியர் ஒருவர் வரைய வரைய வாசிக்கப் போனான். சாயம் காய்வதற்குள் சலித்துவிட்டது. நாடகக்காரர்களோடு சேர்ந்தான், வசனத்தை மூழ்கடிக்கிறான் என்று அவர்களே கும்பிடு போட்டு அனுப்பினார்கள். சிற்பியின் உளிச்சத்தத்துக்கு வாசித்ததைப் பற்றி இருவருமே இன்றுவரை வாய் திறப்பதில்லை.

கடைசியில் அவனிடம் மாட்டியவள் சொந்த அக்கா. நடனக்காரி. காய்ச்சலில் காது போனதிலிருந்து மேடை ஏறாதவள். பேச்சை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள், இசைக்கு என்ன செய்வது? ஒருநாள் அவன் அறையில் அவள் வெறுங்காலோடு நின்றபோது ஸ்பீக்கரின் அதிர்வு மரத்தரை வழியாக உள்ளங்காலில் ஏறியது. மறுநாளே ஒத்திகையைத் தொடங்கிவிட்டார்கள்.

"பாதியில விட்டுட்டு ஓடினா தொலைச்சிடுவேன். இதுவும் சரிவரலன்னா நான் இனி ஆடவே மாட்டேன்டா" என்றாள். அவனுக்குத் தூக்கம் போயிற்று.

நிகழ்ச்சியன்று அரங்கம் நிறைந்திருந்தது. இருப்புக்கொள்ளாமல் வயர்களைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தான். விளக்கு எரிந்ததும் வாசித்தான். அக்கா அசையவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது.

அப்போதுதான் ஸ்பீக்கருக்கு அடியில் பார்த்தான். தடித்த பஞ்சு மெத்தை. மேடை அதிர்ந்து இரைச்சல் வராமலிருக்க ராக்காரர்கள் போடுவது. ஒத்திகையில் அதைப் போடுமளவு அவனுக்குப் பொறுமை இருந்ததில்லை. இன்று மட்டும் பாவி, தானே அதைப் போட்டு ஒழுங்காக வேலை செய்திருந்தான்.

வாசிப்பை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரை மெத்தையிலிருந்து தள்ளினான். அது மரத்தரையில் முகங்குப்புற விழுந்தது. தூக்கி நிறுத்த இரண்டு பேர் வேண்டும், அதற்கு நேரமில்லை. அப்படியே வாசித்தான்.

அக்காளின் குதிகால் எழுந்தது. ஆடத் தொடங்கினாள்.

சத்தமெல்லாம் தரைக்குள் போக, கூட்டத்துக்கு ஏதோ முனகல்தான் கேட்டது. பின்வரிசையில் சிலர் எழுந்து போனார்கள். கைதட்டலுக்காகவே வாசித்து வளர்ந்தவனுக்கு அது செருப்படி. கிட்டாரை வைத்துவிட்டு ஓடிவிடலாமா என்று கால் பரபரத்தது. ஆனாலும் கடைசிவரை நின்றான்.

திரை விழுந்ததும் அக்கா மூச்சு வாங்க வந்தாள்.

"கூட்டத்துக்குக் கேட்டுச்சா?"

"சரியா கேக்கலக்கா" என்றான் தலைகுனிந்தபடி. பிறகு, அவளுக்கு உதடு தெரிய வேண்டுமே என்று நிமிர்ந்து இன்னொரு முறை சொன்னான்.

"எனக்குக் கேட்டுச்சு" என்றாள் அவள். "நடுவுல ரெண்டு இடத்துல அவசரப்பட்டுட்ட."