தாழ்ப்பாள்

எங்கள் நிலையத்தில் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே போகிறவர் இருமிக்கொண்டோ பாடிக்கொண்டோ இருக்க வேண்டும். சத்தம் நின்றால் டப்பாக்கா கதவைத் தள்ளிவிடுவாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் தெரியாமல் சும்மா இருந்துவிட்டேன். கதவைத் திறந்து, "உயிரோடதான் இருக்கீங்களா? சரி, இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு ஒரு வாரம் ஆனது.

போதை ஊசி போட்டுக்கொள்கிறவர்களிடம் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுக்கிற இடம் அது. நான் அங்கே அவர்களுடைய புண்களுக்குக் கட்டுப் போடுகிறவன். அவள் பழைய ஊசிகளைப் போட்டு வைக்கும் மஞ்சள் டப்பாவோடு தெருத்தெருவாக அலைவாள். அதனால் எல்லோருக்கும் டப்பாக்கா.

அதற்கு முன் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பதினோரு வருடம் துணி வெளுத்தவள். படுக்கை விரிப்பில் சுருண்டு வந்த ஊசி ஒன்று ஒரு நாள் கட்டைவிரலில் ஏறிவிட்டது. ஆறு மாதம் ரத்தப் பரிசோதனைக்கு அலைந்தாள். அந்த வரிசையில் ஒரு நாள் தன் சொந்தத் தம்பி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கட்டடங்களுக்கு பெயிண்ட் அடிக்கிறவன், முப்பது வயது.

"இங்க என்னடா பண்ற?"

"நீ எதுக்கு வந்தியோ அதுக்குத்தான்க்கா. உனக்கு ஒரு ஊசி, எனக்குக் கணக்கே இல்ல."

அன்றுதான் அவளுக்கு விஷயம் தெரியும். அடித்தாள், காலில் விழுந்தாள், அறையில் போட்டுப் பூட்டினாள். அவன் ஜன்னல் கம்பியை அறுத்துக்கொண்டு போனான். மூன்று மாதம் கழித்து அவனுடைய கூட்டாளி ஒருவன் ஊசி அளவு மீறிக் குளியலறையில் செத்துக் கிடந்தான், உள்ளே தாழ்ப்பாள் போட்டபடி. அதற்கடுத்த வாரம் சலவைக்கூடத்து வேலையை விட்டுவிட்டு எங்களிடம் வந்து சேர்ந்தாள்.

"செத்தவன் எப்படித் திருந்துவான்? முதல்ல உயிரோட இருக்கட்டும்" என்பாள். அவளுடைய படிப்பு, வேதாந்தம் எல்லாமே அவ்வளவுதான். தம்பி வீடு திரும்பியதும் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாளையும் கழற்றி ஒரு டின்னில் போட்டு வைத்தாள். அவர்களுடைய அம்மா அறுபது வயதுக்கு மேல் குளிக்கப் போகும்போதெல்லாம் பாட வேண்டியதாயிற்று. "இந்தக் குரலைக் கேட்டே அவன் திருந்தணும்" என்று அந்த அம்மாளே சொல்லிச் சிரிப்பாள்.

ஊசி கொடுத்து ஊரைக் கெடுக்கிறாள் என்று தெருவே பேசியது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அவள் கண்டுகொள்ளவில்லை. எனக்குத்தான் ஆத்திரம் ஆத்திரமாக வரும். பேசியவர்களில் பாதிப்பேருடைய பிள்ளைகளுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன்.

மூன்றாம் வருடம் தம்பி ஊசியை விட்டு, நாக்குக்கு அடியில் வைக்கிற மாற்று மாத்திரைக்கு வந்தான். தினமும் காலையில் எங்கள் கண்முன்னே மாத்திரையைக் கரைத்துவிட்டு பெயிண்ட் வேலைக்குப் போவான். வேலை இல்லாத நாட்களில் பாலத்துக்கு அடியில் கிடக்கிற ஊசிகளைக் காலி பெயிண்ட் டின்னில் பொறுக்கி வருவான். பிள்ளைகள் காலில் ஏறிவிடக் கூடாதே என்று அவனாக எடுத்துக்கொண்ட வேலை. அவன் டின்னைக் கொட்டும்போது அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த டின்னோடுதான் போலீஸ் அவனைப் பிடித்தது.

"நாப்பத்தி மூணு ஊசி. ஒருத்தன் உடம்புக்கு இவ்வளவு வேணுமா? விக்கிறவன்தான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் எங்கள் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நானும் கூடப் போனேன். இன்ஸ்பெக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இதுல உங்க தம்பி பேர் எங்கம்மா?"

பெயர் இல்லை. எங்கள் பதிவேட்டில் எண்கள் மட்டும்தான். பெயர் எழுதினால் ஒருவரும் வர மாட்டார்கள் என்று அந்த விதியைக் கொண்டுவந்தவளே அவள்தான்.

"பதினேழுன்னு இருக்குல்ல, அது அவன்தான் சார்."

"நாளைக்கு இருபதும் உங்க அண்ணன்னு சொல்லுவீங்க."

எழுபது நாள் உள்ளே வைத்தார்கள். மாத்திரை கிடையாது. முதல் பத்து நாள் வாந்தியும் பேதியுமாகத் தரையில் கிடந்தான் என்று பிறகு தெரிந்தது. ஜாமீனில் வெளியே வந்தபோது கன்னத்தில் சதை பிடித்திருந்தது. "ஜெயிலே திருத்திடுச்சு பாரு, நீங்க மூணு வருஷம் என்னத்தக் கிழிச்சீங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் என்னிடமே கேட்டார்.

வெளியே வருகிற ஒவ்வொருவரிடமும் டப்பாக்கா சொல்லுகிற வாக்கியம் ஒன்று உண்டு: "உடம்பு மறந்திருக்கும். பழைய அளவு போட்டா செத்துடுவ." நூறு பேரிடமாவது சொல்லியிருப்பாள். தம்பியிடம் சொல்ல வாயெடுத்தபோது அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லது நடக்கிற நேரத்துல அந்தப் பேச்சை எடுக்காதடி. நீயே ஞாபகப்படுத்தாத."

மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

மாத்திரைக்கு வாடா என்று மட்டும் கூப்பிட்டாள். எழுபது நாள் இல்லாமல் இருந்தவனுக்கு இனி எதற்கு என்றான். பிறகு ஒன்று கேட்டான்.

"உள்ள நாலு பேர் பாக்கத்தான்க்கா எல்லாத்துக்கும் உக்காரணும். ஒரு நாள் கதவைச் சாத்திக் குளிக்கணும் போல இருக்கு."

அவளால் இல்லையென்று சொல்ல முடியவில்லை. யாரால்தான் முடியும்? டின்னிலிருந்த தாழ்ப்பாளை எடுத்து வந்தாள். அவன் கதவைப் பிடித்துக்கொள்ள, அவளே நான்கு ஸ்க்ரூவையும் முடுக்கினாள்.

நான்காம் நாள் காலை பத்து மணி. குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததால் அவள் சமையலறையை விட்டு அசையவில்லை. வாளி நிரம்பி வழிந்து கதவுக்கு அடியில் தண்ணீர் வெளியே வந்த பிறகுதான் ஓடினாள். உயிரை மீட்கிற மருந்து அவள் பையில் இருந்தது, பை அதே கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. பக்கத்து வீட்டுக்காரரும் வந்து மோதினார். தாழ்ப்பாள் அசையவில்லை. கடைசியில் கதவுதான் பிளந்தது.

இரண்டு முறை மருந்து செலுத்தினாள். வாயோடு வாய் வைத்து ஊதினாள். நான் போய்ச் சேர்ந்தபோதும் ஊதிக்கொண்டிருந்தாள். தரையில் கிடந்த ஊசி எங்களுடையது அல்ல. திருந்தியவன் என்று பெயர் வாங்கியவன் எப்படி எங்களிடம் புது ஊசி கேட்டு வருவான்? யாரோ போட்ட பழசு. அளவுக் கோடுகள் எல்லாம் தேய்ந்து அழிந்திருந்தன.

பத்தாம் நாள் வேலைக்கு வந்தாள். நான் பஞ்சைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். மதியம் ஜெயிலிலிருந்து வந்த ஒருவன் உள்ளே நுழைந்தான். அவன் உட்காரும் முன்பே எழுந்துபோய் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"உடம்பு மறந்திருக்கும். பழைய அளவு போட்டா செத்துடுவ. புரிஞ்சுதா? திருப்பிச் சொல்லு."

அவன் பயந்துபோய்த் திருப்பிச் சொன்னான். பிறகு கழிப்பறைக்குப் போனான். அவள் தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு வெளியே போய் நின்றாள்.

"பாடு" என்றாள்.

"எனக்குப் பாட்டெல்லாம் வராதுக்கா."

"எது வருதோ அதைப் பாடு. நிறுத்தாத."