இங்க ஓடறதுதான் அங்கயும் ஓடும்

எங்கப்பா பஸ் கண்டக்டர். ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டதாக டிப்போ சொல்கிறது. அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்து வாசலில் தயங்கினால் "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் இருக்கு பாரு" என்பார். தெருவில் அவருக்கு விசில் என்றுதான் பெயர்.

ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: பின்னறையில் படுத்தே இருக்க வேண்டும், கோபப்படவே கூடாது. கோபத்தைப் பற்றிச் சொன்னதும் அந்த நிலையிலும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பயம். அவர் சற்றுக் கண்ணயர்ந்தால் போதும், மூக்கருகே விரலைக் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பாள்.

"இன்னும் போகலடி, கைய எடு" என்று அவர் எரிந்து விழுவார்.

டிவியோ கூடத்தில். செய்தி பார்க்காமல் மனிதருக்குக் கிறுக்குப் பிடித்தது. சுவரில் ஓட்டை போட்டு கேபிள் இழுக்க வீட்டு ஓனர் விடவில்லை. அதனால் ஒயரில்லாமல் படம் அனுப்பும் பெட்டி ஒரு ஜோடி வாங்கி வந்தேன். ஒன்று கூடத்தில் செட்டாப் பாக்ஸோடு, இன்னொன்று பின்னறையில் பழைய டிவியோடு. பின்னறையில் ரிமோட்டை அமுக்கினாலும் கூடத்து பாக்ஸ் கேட்கும். கடைக்காரர் அப்போதே சொன்னார்: "பாக்ஸ் ஒண்ணுதாம்மா. இங்க ஓடறதுதான் அங்கயும் ஓடும்." யார் காதில் வாங்கினார்கள்!

வீடு இரண்டுபட்டது. அம்மா சீரியல் வைப்பாள். அப்பா உள்ளேயிருந்தே செய்திக்கு மாற்றுவார். சீரியலில் மருமகள் பீரோவைத் திறக்கப் போகிற நேரம் பார்த்து வெள்ள நிலவரம் வந்து நிற்கும். அம்மா "ஏங்க!" என்று கத்திவிட்டுத் திரும்ப மாற்றுவாள். உள்ளேயிருந்து ஒற்றை விசில் வரும். நிறுத்து என்று அர்த்தம்.

"ரெண்டு ரிமோட்டையும் புடுங்கித் தண்ணித் தொட்டியில போட்டுருவேன், பாத்துக்கோங்க" என்று நான் கத்தியதுதான் மிச்சம்.

ஒரு மாலை அம்மா வழக்கம்போல சீரியல் வைத்தாள். படம் மாறவில்லை. விசிலும் இல்லை.

"பாத்தியாடி, அடங்கிட்டாரு" என்றாள், சமையலறையில் இருந்த என்னிடம். விளம்பரம் வந்து போனது. சீரியல் அது பாட்டுக்கு ஓடியது. அம்மாவின் முகம் மாறியது. ரிமோட்டை எறிந்துவிட்டு "ஐயோ, என்னங்க!" என்று ஓடினாள். நானும் கரண்டியோடு ஓடினேன்.

அப்பா தலையணையில் சாய்ந்து, கண்ணீர் வழிய, டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கத்தாத. அந்தப் பொண்ண வீட்ட விட்டே தொரத்திட்டாங்க, பாவிங்க" என்றார்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "உசுரோட இருக்கற மனுஷன் மாத்தித் தொலைக்க வேண்டியதுதானே!" என்று தேம்பித் தேம்பி அழுதாள். அப்பா எட்டி அவள் தலையில் கை வைத்தார்.

இப்போது இரண்டு அறையிலும் சீரியல்தான். ஆனால் நடுநடுவே படம் சட்டென்று செய்திக்குத் தாவும், உடனே திரும்பிவிடும். கூடத்தில் வெங்காயம் உரிக்கிற அம்மா, தலையை நிமிர்த்தாமலே சொல்வாள்:

"ம், இருக்காரு."