போர்மேனின் பீடிக்கட்டு

என் அப்பா சங்கிலிமுத்துவை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபது வருஷமாகப் போர்மேன். தினமும் காலையில் கேட்டில் வாட்ச்மேன் ஊர்க்காவலனிடம் பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் கொடுத்துவிட்டு உள்ளே போவார். சாயந்தரம் திரும்ப வாங்கி, வேன் வருவதற்குள் மூன்று பீடியை இழுத்துத் தள்ளுவார். மீதிக் கட்டு வீட்டில் தீரும்.

2008இல் கம்பெனியில் மருத்துவ முகாம் போட்டார்கள். நானும் அங்கேதான் திரி வைக்கும் வேலை பார்த்தேன். வரிசையில் அப்பாவுக்குப் பின்னால் நின்றேன். அவருக்குப் பிரஷர் நூற்றி அறுபது. பீடி, சிகரெட் உண்டா என்று டாக்டர் கேட்டார்.

“கெடையாதுய்யா. பகல் பூரா தொடமாட்டேன்” என்றார் இந்த மனுஷன், கூசாமல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பொய் சொல்லுதாரு சார். ஒரு நாளைக்கு ஒரு கட்டு” என்றேன். மாரடைப்பு ஆபத்தைக் கணக்குப் பார்க்கும் வண்ண அட்டை ஒன்றை வைத்திருந்தார். அதில் மஞ்சள் கட்டத்தில் இருந்த டாக்டரின் விரல் ஆரஞ்சுக்கு நகர்ந்தது. இந்தக் கட்டத்தில் ஐந்து பேர் இருந்தால் ஒருவருக்காவது பத்து வருஷத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வரும்; பீடியை விட்டு, உப்பைக் குறைத்து, மாத்திரை போட்டால் அந்த ஆபத்து குறையும் என்று சொல்லி, மாத்திரையும் கொடுத்தார்.

“நாலு பேருக்கு வராதுல்ல” என்று வேனில் அப்பா சிரித்தார். மாத்திரையை என் மடியில் போட்டார்.

மறுவாரம் பட்டாசு மருந்து கலக்கும் சோலைச்சாமியின் சட்டைப்பையில் ஒரே ஒரு தீக்குச்சி கிடந்தது. தெரியாமல் கிடந்தது என்று அவர் கெஞ்சியும் அப்பா அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிட்டார். அதில் தப்பில்லை. ஆனால் அதே மனுஷன் சாயந்தரம் பீடிக்கட்டுக்குக் கை நீட்டியதும் என்னால் பொறுக்க முடியவில்லை.

“எப்பா, அஞ்சு ரூம்ல ஒண்ணு வெடிக்கும்னு தெரிஞ்சா ஆள உள்ள விடுவீகளா?”

“கிறுக்கச்சி மாதிரி பேசாத. எவன் விடுவான்?”

“அப்ப உங்க நெஞ்சுன்னா மட்டும் எளக்காரமா?” என்று கத்தினேன். கேட்டில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பாவுக்கு முகம் சிவந்தது. பீடிக்கட்டை நீட்டிய ஊர்க்காவலன் மேல் எரிந்து விழுந்தார். “என்னலே பாக்க? அத உள்ள வையி!”

நாலாம் நாள் சோற்றில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளினார். பிறகு என்ன நினைத்தாரோ, இழுத்துவைத்துத் தின்றார். கை கழுவிவிட்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“அந்த மாத்திரைய எங்கன வச்ச?”