பெயர் போடாத பெட்டிசன்

பலாபத்வலை புஹாரிக்கு மச்சான் ஸக்கரியாவின் காரைக் கண்டாலே ஆகாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நடந்து போனால் பக்கத்தில் வந்து நிற்கும். “ஏறு மச்சான்.” ஏறவே மாட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார், அந்த அன்புதான் அவர் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

இருவரும் சின்ன வயதில் ஒன்றாகக் குர்ஆன் ஓதப்பள்ளிக்குப் போனவர்கள். ஸக்கரியாவுக்கு மாமனார் வழியில் அறுபது ஏக்கர் வந்தது. அதன் ஒரு மூலையில் புஹாரி பன்னிரண்டு வருஷமாக அரைப்பங்குக்கு மிளகுக்கொடி பார்த்தார். குடியிருப்பும் அங்கேயே. ஒருவருக்கு அறுபது, ஒருவருக்கு ஒன்றுமில்லை என்றால் எரியத்தானே செய்யும்? அந்த எரிச்சலில் நியாயமும் இருந்தது, அதை யார் மறுப்பது?

எழுபத்திரண்டில் சட்டம் வந்தது. ஐம்பது ஏக்கருக்கு மேல் அரசாங்கத்துக்கு. ஸக்கரியா பத்து ஏக்கரை மறைத்தார். அதைக் காட்டிக்கொடுக்க, புஹாரி மாத்தளை அரசாங்கக் கச்சேரி வாசலில் பெட்டிசன் அடிப்பவரிடம் போய் உட்கார்ந்தார்.

“பேரு போட வேணாம்.”

“காணி காடாக் கெடக்கு, பயிர் செய்ய ஒரு ஆளுமில்லன்னு போடுவோம். அப்பதான் சுருக்கா வருவாங்க.”

“போடுங்க,” என்றார் புஹாரி. அன்றைக்குச் சோறு ருசியாக இறங்கியது.

வந்தார்கள், அளந்தார்கள். எந்தப் பத்து ஏக்கரை விடுவது என்று ஸக்கரியாவையே கேட்டார்கள். அவர் புஹாரியின் மூலையைக் காட்டினார்.

“பாடுபடுறவனுக்கே எழுதிக் குடுப்பாங்களாம் மச்சான். எனக்குப் போனது போகட்டும், ஒனக்காவது கெடைக்கட்டும்.”

புஹாரியால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

விசாரணையில் அதிகாரி பெட்டிசனை எடுத்தார். “பயிர் செய்ய ஆளில்லன்னு இதுல இருக்கே?”

“பொய் சேர்! பொறாமை புடிச்ச எவனோ எழுதியிருக்கான். இவன் பன்னெண்டு வருஷமா அங்கதான். வல்லாஹி!” என்று கத்தினார் ஸக்கரியா.

“காணியை மறைச்சவரு நீங்க. ஒங்க சத்தியத்த எப்படி நம்புறது?” அதிகாரி புஹாரி பக்கம் திரும்பினார். “எழுதின ஆளைத் தெரியுமா? அவரு வந்து பொய்யின்னு ஒத்துக்கிட்டா காணி ஒங்களுக்குத்தான்.”

ஸக்கரியாவின் கை புஹாரியின் தோளில் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை. வாய் வரை வந்தது.

“தெரியாது சேர்.”

காணி, எம்.பி.யின் துண்டுக் கடிதத்தோடு வந்த நாவுல ஊர்க்காரர் ஒருவருக்குப் போனது. புஹாரியின் குடிசையைப் பிரித்த அன்று ஸக்கரியாவே வந்து கூரைத் தகரத்தை இறக்கிக் கொடுத்தார்.

“எழுதினவன் நாசமாப் போவான் மச்சான்,” என்று அழுதார்.

“ஆமீன்,” என்றாள் புஹாரியின் மனைவி ஸுலைஹா.