நீலமலைக்குக் கொண்டுபோன தேசிக்காய்

1974 மாசி மாதம், ஒரு சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டிலிருந்து காரில் புறப்பட்டோம். நாங்கள் பனியில் சறுக்கப் போகிற கொலிங்வூட் தொண்ணூறு மைல் சொச்சம். என் கணவர் வழிநெடுகப் பனியின் புகழ் பாடிக்கொண்டே வந்தார். காரணம் உண்டு. கொழும்பில் அவருக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது; திங்கட்கிழமை பதில் எழுத வேண்டும். அவருக்கு இங்கே இருக்கத்தான் ஆசை. ஆனாலும் முடிவை என்னிடம் விட்டிருந்தார். கல்யாணமாகி ஐந்து மாதம், அதில் நாலு மாதம் குளிர். நான் என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரியும்.

ஒன்பதரைக்கு ஊர் வந்தது. ஒரு பக்கம் ஜோர்ஜியன் குடா உறைந்து கிடக்க, கரையில் கப்பல் கட்டும் துறை. மறுபக்கம் நீலமலை. நுவரெலியாவைப் பார்த்தவர்கள் இதை மலை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நல்ல பெரிய மேடு என்பார்கள். ரொறன்ரோக்காரருக்கோ இதுதான் கைலாசம். முன்பெல்லாம் ஸ்கீ என்கிற சறுக்குப் பலகையும் கையுமாக ரயிலேறி வருவார்களாம். மேலே போவதும் கீழே வழுக்குவதும்தான் இங்கே வேலை, அதற்குக் காசும் கொடுக்கிறார்கள். நாங்களும் ஆளுக்கு எட்டு டொலர் கொடுத்து ஸ்கீயும் சப்பாத்தும் வாடகைக்கு எடுத்தோம்.

சறுக்கப் போகுமுன் கணவர் கோட்டுப் பைக்குள்ளிருந்து இரண்டு தேசிக்காய் எடுத்தார். புது வாகனத்தின் சில்லுக்கு வைப்பதுபோல என் ஸ்கீகளின் கீழே வைத்து, ஏறி மிதிக்கச் சொன்னார். நாங்கள் கோயிலுக்குள் போனால் வெளியே செருப்புக்குக் காவல் நிற்கிற மனுசன் அவர். சொன்னபடியே மிதித்தேன். சாறும் சக்கையும் அடியில் அப்பி, அந்தக் குளிரில் பனியோடு சேர்ந்து இறுகிவிட்டன. எல்லாரும் காற்றாய்ப் பறக்க, நான் நட்ட மரமாய் நின்றேன். பின்னாலிருந்து தள்ளிவிட வந்த அவர்தான் குப்புற விழுந்தார்.

வாடகைக் கடைக்காரர் ஸ்கீகளை வாங்கிச் சுரண்டினார். வார நாட்களில் கப்பல் துறையில் வெல்டிங் வேலை செய்கிறவராம். தேசிக்காய் எதற்கு என்று கேட்டார். என் கணவர் வெட்கத்தோடு விளக்கினார். கடைக்காரர் சிரிக்கவில்லை. இங்கே புதுக் கப்பலைப் பக்கவாட்டில்தான் தண்ணீருக்குள் இறக்குவார்களாம். ஊரே கரையில் கூடுமாம். இறக்குமுன் கப்பலில் ஒரு போத்தலை அடித்து உடைப்பார்களாம்.

"கட்டினது நாங்கள்தான். இருந்தாலும் விடுகிற நேரம் பயம்," என்றார்.

வெளியே வந்ததும் கணவரைக் கேட்டேன், "நீங்கள் உதெல்லாம் நம்பாத ஆளல்லோ?"

"எனக்கெண்டால் வைச்சிருக்க மாட்டன். உமக்கெண்டபடியால் பயமாக் கிடந்தது."

அவரை அந்த இடத்திலேயே கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. ஸ்கீ பூட்டிய காலோடு அது நடக்கிற காரியமா? பின்னேரம்வரை சறுக்கினேன், அதாவது விழுந்தேன். தன் ஸ்கீயைக் கழற்றி எறிந்துவிட்டு அவர் பக்கத்திலேயே ஓடி வந்தார். இந்த மனுசனை நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று தோன்றியது.

நாலு மணிக்குத் திரும்பினோம். பரி நகரம் தாண்டியும் அவர் என் முடிவைக் கேட்கப் பயந்தார். நானே சொன்னேன், கொழும்புக்கு வரவில்லை என்று திங்கட்கிழமை எழுதச் சொல்லி.

காரை ஓரமாக நிற்பாட்டினார். "வடிவா யோசிச்சே சொல்லுறீர்? வாற வருசமும் குளிருமப்பா."

"ஓம், குளிரும்," என்றேன். "இருப்பம்."