ரெண்டு பேரு வந்துட்டோம்

நான் இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில், சட்ட வைத்திய அதிகாரியின் அலுவலகத்தில் பதினோரு வருடமாக எழுதுவினைஞர் வேலை. பிணவறைக்கும் என் மேசைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஆவி என்று ஒன்று இருந்தால் முதலில் என்னிடம்தான் வந்து நின்றிருக்கும் என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பேன். நீங்களும் சிரிக்கலாம், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அன்று காலையில் இரண்டு உடல்கள் வந்தன. இரண்டு பேருக்கும் இருபது, இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். ஒருவன் பஸ் நிலையத்துக் கதிரையில் உட்கார்ந்தபடியே போயிருந்தான், மற்றவன் ஆட்டோவுக்குள். வாயில் நுரை, நகமெல்லாம் நீலம். எங்கள் டொக்டர் சிங்களப் பெண், அதிகம் பேசமாட்டார். கொழும்புக்கு அனுப்ப இரத்தம் எடுத்து முடித்ததும் நேராக என் மேசைக்கு வந்தார்.

"அறிக்கை வர மாதக்கணக்காகும். ரெண்டு பேரும் ஒரே போதைத் தூளைத்தான் எடுத்திருக்காங்க, அதில ஏதோ கலந்திருக்கு. கூட இருந்தது யாருன்னு வீட்டு ஆட்களிடம் இப்பவே கேளுங்க" என்றார். தமிழ்க் குடும்பங்களோடு பேசுவது என் பொறுப்பு.

பஸ் நிலையத்தில் இறந்தவன் பெயர் தினேஷ், மடுல்கெல்லப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பையன். பொலிஸ் தந்த படிவத்தில் அக்கா என்று போட்டு ஒரு நம்பர் இருந்தது. காலையில் அடித்தபோது யாரும் எடுக்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டு வந்து, இரண்டரை மணியிருக்கும், வெளியே நல்ல மழை, மறுபடி அடித்தேன். ஓர் ஆண் குரல் எடுத்தது. அண்ணனோ மச்சானோ என்று நினைத்துக்கொண்டு, நேற்று தினேஷோடு யார் யார் இருந்தார்கள் என்று கேட்டேன்.

"மூணு பேரு அக்கா. ரெண்டு பேரு வந்துட்டோம். சுரேஷ் இன்னும் வரல."

நான் எழுதிக்கொண்டே கேட்டதால் அந்தப் பேச்சு மனதில் தைக்கவில்லை. சுரேஷ் எங்கே என்றேன்.

"ஹந்தானையில ஆளில்லாத பழைய லயம் ஒண்ணு இருக்குக்கா. கடைசி காம்பரா. மூச்சு இருக்கு. சீக்கிரம் போகச் சொல்லுங்க."

நம்பினால் நம்புங்கள், அந்தக் குரலில் அவசரமே இல்லை. பஸ்ஸுக்கு வழி சொல்வதுபோல் சொன்னான். நான் ஓடிப்போய் டொக்டரிடம் சொல்ல, அவர் பொலிஸுக்கும் அம்புலன்ஸுக்கும் பேசினார். பையன் அந்தத் தோட்டத்து வரிசை வீட்டின் கடைசி அறையிலேயேதான் கிடந்தான், எப்போதோ ஒரு மூச்சு விட்டுக்கொண்டு. மாற்று மருந்து ஏற்றிக் காப்பாற்றிவிட்டார்கள்.

ஐந்து மணிக்கு தினேஷின் அக்கா உடலைப் பொறுப்பெடுக்க வந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. ஆறுதலாக இருக்கட்டும் என்று, "ஒங்க வீட்டுத் தம்பி ஒருத்தரு போன்ல சொன்னதாலதான் ஒரு உயிர் பொழச்சிச்சு" என்றேன்.

"எங்களுக்கு ஒரே தம்பி மிஸ். உள்ள கெடக்கானே, அவந்தான்."

படிவத்தைத் திருப்பி நம்பரைக் காட்டினேன். அவர் ஒவ்வோர் எண்ணாக விரல் வைத்துப் படித்தார். "இது என் நம்பரு இல்ல. அவன் நம்பரு. அந்த போன் ஒங்ககிட்டதான இருக்கு?"

என்னிடம்தான் இருந்தது. என் கதிரைக்குப் பின்னால் அலுமாரியில், காலையில் நானே கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்த உறைக்குள். பொலிஸ்காரர் முன்னிலையில் பிரித்தோம். அதுவரை முத்திரை உடையவில்லை, போன் அணைந்திருந்தது, சிம் உள்ளேயே இருந்தது. டொக்டர், "இதை அறிக்கையில் எழுத வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து சுரேஷ் அப்பாவோடு நன்றி சொல்ல வந்தான். அப்பா டொக்டரிடம் போயிருந்த நேரம், தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னான்: "தினேஷ் என் பக்கத்துல ஒக்காந்துதான் ஒங்ககூடப் பேசுனான். வச்சிட்டு இன்னொரு நம்பரும் அடிச்சான். எடுங்க, எடுங்கன்னு சொல்லிக்கிட்டே அடிச்சான். அப்பறம் விட்டுட்டான்."

மயக்கத்தில் கண்ட கனவு என்று அவனைச் சமாதானப்படுத்தி அனுப்பினேன்.

அந்தச் சம்பவத்துக்கு மறுநாள் கட்டுகஸ்தோட்டையிலிருந்தும் ஒரு பையனைக் கொண்டுவந்திருந்தார்கள். அதே தூள், வீட்டுக் கட்டிலிலேயே போயிருந்தான். விசாரணை முடிந்து அவன் சாமான்களை வாங்க இரண்டு மாதம் கழித்து அவன் அம்மா வந்தார். போனை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி, மறுபடி என் பக்கமே நீட்டினார்.

"இங்க கொண்டுவந்ததுக்கு மொத நாள் மத்தியானம், நல்ல மழ, விட்டுவிட்டு நாலஞ்சு வாட்டி இது அடிச்சிச்சு மிஸ். புள்ள தூங்குதேன்னு நாந்தான் கட் பண்ணுனேன். யாரு நம்பருன்னு பாத்துச் சொல்றீங்களா? எனக்குப் பாக்கத் தெரியாது."

வாங்கி அழுத்திப் பார்த்தேன். சார்ஜ் இல்லை என்று சொல்லி, அதை உறையில் போட்டு அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

போனில் சார்ஜ் இருந்தது.