பந்தல்கால் பிடித்த சித்தப்பா

எங்கள் பெரியப்பா பஞ்சாயத்து பிரசிடெண்ட் ஆனபோது நான் பிறக்கவில்லை. அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்தபோது எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். இடையில் வெள்ளைக்காரன் போனான், கொடி மாறியது, ஆண்டிமடத்திலிருந்து எங்கள் ஊருக்கு பஸ் வந்தது. பெரியப்பா மட்டும் அப்படியே இருந்தார். மாதா கோயில் தெருக்காரர்கள் வந்து முறையிட்டால், "நீங்க சொல்றதும் சரிதாங்க" என்பார். மாரியம்மன் கோயில் தெருவிலிருந்து வந்தாலும் அதே பதில்தான். இரண்டு தெருக்காரர்களும் அவரை வழவழா ஆள் என்று திட்டிக்கொண்டே, தேர்தல் வந்தால் அவருக்கே கை தூக்கினார்கள்.

அவருடைய எதிர்க்கட்சி வீட்டுக்குள்ளேயே இருந்தது. சித்தப்பா கதர் கட்டியவர். மறியல் செய்து ஒருமுறை ஜெயிலுக்கும் போய் வந்தவர். அண்ணன் சர்க்காருக்குச் சலாம் போடுகிறார் என்று அவருக்குக் கோபம். நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம் இருவருக்கும் பேச்சே நின்றுபோயிருந்தது. சொல்ல வேண்டியதை எல்லாம் என்னிடம் சொல்லி அனுப்புவார்கள். நானும் ஒரு முற்றத்தைக் கடந்து தூது போய் வருவேன்.

அந்த வருஷம்தான் ஊர்க்கிணறு வெட்டி முடிந்தது. எங்களுடையது செம்மண் பூமி. முந்திரிக்குக் குறைவில்லை, தண்ணீருக்குத்தான் பெண்கள் தோப்பைத் தாண்டி ஓடை ஊற்றுக்கு நடந்தார்கள். பெரியப்பா வருஷக்கணக்கில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி வாங்கிய கிணறு அது. திறந்துவைக்க ஒரு வெள்ளைக்கார அதிகாரி வருவதாக ஏற்பாடு. சித்தப்பாவும் அவருடைய தோழர்களும் கறுப்புக்கொடி காட்டப்போவதாக ஊரெல்லாம் பேச்சு. கொடியை எடுத்ததும் பிடித்துக்கொண்டு போக போலீஸ் தயாராக இருக்குமாம்.

சித்திக்கு அப்போது நிறைமாதம். அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. சாப்பாட்டை மட்டும் குறைத்துக்கொண்டாள். என் அம்மாதான் பொறுக்காமல் பெரியப்பாவிடம் கேட்டாள்.

"தம்பிக்கு நீங்க ஒரு வார்த்த சொல்லக்கூடாதாங்க?"

"அவன் நெனைக்கிறதும் சரிதானம்மா" என்றார் பெரியப்பா. அம்மா பாத்திரங்களை அன்று சற்றுச் சத்தமாகவே கழுவினாள்.

ஆடி மாதக் காற்று புழுதியை வாரி இறைத்த ஒரு நாளில் விழா நடந்தது. கிணற்றை ஒட்டிப் போட்டிருந்த கீற்றுப் பந்தலுக்குள் பெண்கள் குடங்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சித்தி முன்வரிசையில். சித்தப்பாவும் தோழர்களும் இடுப்பில் கறுப்புத் துணியைச் செருகிக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்றார்கள். தூரத்தில் கார்ப் புழுதி தெரிந்ததும் பெரியப்பா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்களிடம் ஓடினார். பல மாதங்களுக்குப் பிறகு தம்பியிடம் நேராகப் பேசினார்.

"தம்பி, பந்தக்கால சரியா ஊனாம வுட்டுட்டானுவடா. அடிக்கிற காத்துல சாஞ்சா உள்ள இருக்கற பொம்பளைங்க கதி என்னாவுறது? ஆளுக்கொரு காலப் புடிச்சுக்குங்கப்பா."

சித்தப்பா பந்தலைப் பார்த்தார். பிறகு சித்தியைப் பார்த்தார். "சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு முதல் காலைப் போய்ப் பிடித்தார். மற்றவர்களும் ஓடிப்போய் ஆளுக்கொன்றைப் பிடித்தார்கள்.

அதிகாரி வந்தார். வாளியில் இறைத்த தண்ணீரைக் குடித்துவிட்டுத் தமிழில் "நல்ல தண்ணி" என்றார். பந்தலைத் தாங்கி நின்ற இளைஞர்களைப் பார்த்து நெகிழ்ந்துபோனவர், சித்தப்பாவை நெருங்கிக் கையை நீட்டினார். போலீஸ்காரர்கள் நிமிர்ந்தார்கள்.

"கைய எடுத்தா பந்தல் வுழுந்துடும்ங்க" என்றார் சித்தப்பா. நீட்டிய கை தானாகத் திரும்பிப் போயிற்று. வெள்ளைக்காரனுக்குக் கை கொடுக்காதவர் என்று பிற்காலத்தில் மேடைக்கு மேடை அவரைப் புகழ்ந்தார்கள், அது பொய்யில்லை.

நான் அந்தப் பந்தல்காலுக்கு அருகில்தான் உட்கார்ந்திருந்தேன். சொற்பொழிவு அலுத்துப்போய் அதில் சாய்ந்தேன். தோளால் தள்ளிப் பார்த்தேன். முதுகைக் கொடுத்து முட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

"சித்தப்பா, இது ஆடவே இல்ல."

"வாய மூடிக்கிட்டு உக்காரு பாப்பா" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

அன்று இரவு அண்ணனும் தம்பியும் ஒரே வரிசையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். எவ்வளவு முக்கியமான செய்தி என்னிடம் இருக்கிறது என்ற பெருமையோடு நான் உரக்கச் சொன்னேன்: "பந்தக்காலெல்லாம் கெட்டியாத்தான் இருந்துச்சு. யாருமே புடிச்சிருக்க வேணாம்."

அப்பாவுக்குப் புரை ஏறியது. சித்தப்பா இலையை விட்டுத் தலை நிமிரவில்லை. சித்தி குழம்புக் கரண்டியை வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெரியப்பா நிதானமாக மோர் கேட்டார்.

என்னை ஒருவரும் நம்பவில்லை என்று எனக்கு ஆத்திரம். விடிந்ததும் கிணற்றடிக்கு ஓடினேன். பந்தலைப் பிரித்திருந்தார்கள், குழிகள் மட்டும் இருந்தன. ஒன்றில் கையை விட்டேன், தோள்வரை போயிற்று. புதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்க வந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். கால் பிடித்தவர்களில் ஒருவர் அந்த வழியாகப் போனார். அவரையும் இழுத்துக் காட்டினேன். அவர் குழியைப் பார்க்கவேயில்லை. என் தலையில் செல்லமாகத் தட்டிவிட்டுப் போனார்.

இவ்வளவு பெரியவர்களுக்கு இது தெரியவில்லையே என்று அன்று முழுக்க வருந்திக்கொண்டிருந்தேன்.